சாம்பார் வெங்காயமா, பல்லாரியா? குழம்பின் சுவை நாளுக்கு நாள் மாறுவது ஏன்?

தண்டையார்பேட்டையில் புதிதாகத் தனிக்குடித்தனம் தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: அம்மா சொன்ன அளவிலேயே எல்லாவற்றையும் போட்டும் புளிக்குழம்பு ஒரு நாள் தித்திக்கிறது, ஒரு நாள் இலேசாகக் கசக்கிறது, இன்னொரு நாள் வெங்காயம் வேகாததைப் போல நறுக்கென்று தனியே நிற்கிறது, கூடுதல் விலை கொடுத்துச் சாம்பார் வெங்காயம் என்னும் சின்ன வெங்காயத்தை வாங்கத்தான் வேண்டுமா, பல்லாரி என்னும் பெரிய வெங்காயமே போதுமா, எத்தனை நிமிடம் வதக்க வேண்டும், வாங்கி வைத்த வெங்காயம் ஒரு வாரத்திலேயே ஏன் அழுகுகிறது. நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெங்காயத்துக்குள் இருக்கும் தண்ணீரை எப்போது, எவ்வளவு வெளியேற்றுவது என்பதே அது. உணவுத் தயாரிப்பை முறையாகப் படித்துவிட்டு, ராயபுரத்தில் மதியச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸின் அடுப்படியைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அந்தப் படிப்பும் பழக்கமும் கொடுத்ததை வைத்துத்தான் இந்தப் பதில். பயிர் வளர்ப்பும் மருத்துவமும் என் துறைகள் அல்ல என்பதால் அவற்றைத் தொடும் இடங்களில் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வெங்காயத்தின் எடையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி சர்க்கரைகளும், சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட ஃபிரக்டான் என்னும் பொருளும். கந்தகச் சேர்மங்களின் பங்கு மிகச் சிறியது, ஆனால் வெங்காயத்தை வெங்காயமாக்குவது அந்தச் சிறு பங்குதான். உரிக்காமல் முழுதாகக் கிடக்கும் வெங்காயத்தில் காரம் உருவாகியிருப்பதில்லை. கத்தி பட்டுச் செல்கள் உடையும்போது, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்னும் நொதியும் ஒன்றோடொன்று கலந்து, காரமும் நெடியும் அந்த நொடியில்தான் பிறக்கின்றன. கண்ணை எரிக்கும் வாயுவை உண்டாக்குவதற்கென்றே இரண்டாவதாக ஒரு நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்தார்கள். சமையலறைக்கு இதனால் கிடைக்கும் பாடம் எளிது: எவ்வளவு செல்கள் உடைகின்றனவோ அவ்வளவு காரம். முழுதாக வேகவைத்த சாம்பார் வெங்காயம் தித்திப்பதும், அதையே அம்மியில் தட்டிப் போட்டால் குழம்பு சுருக்கென்று இருப்பதும் இதனால்தான். சூடு ஏறினால் நொதி செயலிழந்துவிடும். குளிர்ந்தால் அதன் வேகம் குறையும். நறுக்குவதற்கு அரை மணி நேரம் முன்பு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, நன்றாகத் தீட்டிய கத்தியால் அரிந்தால் கண் எரிச்சல் குறைவதற்குக் காரணமும் அதுவே. ஆகவே, உங்கள் குழம்பின் சுவை மாறிய நாட்களில் வெங்காயத்தை எப்படி அரிந்தீர்கள் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் நீளவாக்கிலும், இன்னொரு நாள் அவசரத்தில் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றியும் போட்டிருந்தால், பொருளின் அளவு ஒன்றாக இருந்தாலும் சட்டிக்குள் போனவை இரண்டு வேறு பொருட்கள்.

அரியும் திசைக்கும் இதே அளவு மதிப்புண்டு. வேரிலிருந்து குடுமி நோக்கி நீளவாக்கில் அரிந்த துண்டு, வெங்காயத்தின் நார் ஓடும் திசையிலேயே இருப்பதால், நெடுநேரம் வதக்கினாலும் வடிவம் கலையாமல் நிற்கும். குறுக்கே வட்டமாக அரிந்தது சீக்கிரம் குழையும். பிரியாணிக்கும் பொரியலுக்கும் நீளவாக்கு, தொக்குக்கும் கறிக்குழம்பு மசாலாவுக்கும் பொடியாகவோ குறுக்காகவோ என்பது இதனால்தான். அலங்காரத்துக்காக யாரும் வகுத்த விதி இல்லை.

இனி, பல்லாரியா சாம்பார் வெங்காயமா என்பது. சென்னைக்கு வரும் பெரிய வெங்காயத்தில் பெரும்பகுதி மகாராஷ்டிராவின் நாசிக் வட்டாரத்திலிருந்தும், கர்நாடகத்திலிருந்தும், ஆந்திராவின் கர்னூல் பக்கத்திலிருந்தும் வருவது. சாம்பார் வெங்காயம் நம் பெரம்பலூர், திருச்சி, நாமக்கல், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களின் விளைச்சல். சின்ன வெங்காயத்தில் நீர் சற்றுக் குறைவு, திடப்பொருள் சற்று அதிகம். அதனால் அது வதங்கும்போது சுருங்குவது குறைவாகவும், குழம்புக்குக் கொடுக்கும் தடிமனும் தித்திப்பும் அதிகமாகவும் இருக்கும். அதற்காக எல்லாச் சமையலுக்கும் அதுதான் உயர்ந்தது என்று சொல்லும் பெருமையை நான் ஏற்பதில்லை. வத்தக்குழம்பு, காரக்குழம்பு, மீன் குழம்பு, முழு வெங்காயச் சாம்பார், தாளிப்பு வடகம், பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ள, இந்த ஆறுக்கும் சாம்பார் வெங்காயத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை தகும். பொரியல், ஆம்லெட், உப்புமா, தயிர் பச்சடி, குருமா, பிரியாணி ஆகியவற்றுக்குப் பல்லாரியே பொருத்தம். அங்கே சின்ன வெங்காயத்தைப் போட்டால் உரித்த நேரம்தான் வீண். விலை ஏறிய நாட்களில் காரக்குழம்புக்குப் பாதிப் பாதியாகக் கலப்பதும் தவறில்லை. அப்போது பல்லாரியை முதலில் சுருள வதக்கிவிட்டு, சின்ன வெங்காயத்தைப் பின்னால் முழுதாகச் சேர்த்தால், ஒன்று குழம்புக்கு உடம்பாகவும் மற்றது வாய்க்குத் தட்டுப்படுவதாகவும் அமையும். சின்ன வெங்காயத்தை உரிப்பதுதான் தடையென்றால், குடுமியையும் வேரையும் சீவிவிட்டு வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் போட்டு வையுங்கள்; தோல் விரலோடு வந்துவிடும். ஆனால் ஊறியதை ஈரத்தோடு எண்ணெயில் கொட்டாமல் துணியில் ஒற்றி எடுத்துவிட்டுப் போட வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதற்குப் பருவம் தெரிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் பங்குனி, சித்திரையை ஒட்டி அறுவடையாகும் ரபி (குளிர்காலப் பயிர்) வெங்காயம் தோல் நன்றாகக் காய்ந்து, இறுகி, பல மாதம் தாங்கும். நாட்டில் ஆவணி, புரட்டாசி வரைக்கும் ஓடுவது பெரும்பாலும் அந்த இருப்புதான். மழைக்கால விளைச்சல் ஐப்பசி வாக்கில் வரத் தொடங்குகிறது. அதில் நீர் அதிகம், தோல் மெல்லியது, வைத்தால் தாங்காது. பழைய இருப்பு தீர்ந்து, புதியது மழையில் மாட்டிக்கொள்ளும் இடைவெளியில்தான் ஆண்டுதோறும் விலை ஏறுகிறது. 2019ஆம் ஆண்டு இறுதியில் அந்த இடைவெளி பெரிதாகி, எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயம் இறக்குமதி செய்யும் நிலை வந்தது பலருக்கு நினைவிருக்கும். வியாபாரிகள் இவற்றைப் பழைய வெங்காயம், புது வெங்காயம் என்றே பிரித்து இரண்டு விலை சொல்வார்கள். கொத்தவால்சாவடியில் மொத்தக் காய்கறி வியாபாரம் நடந்து, 1996இல் அது கோயம்பேட்டுக்குப் போன பிறகும் இந்தப் பேச்சு மாறவில்லை. குட்டி யானையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நூறு ரூபாய்க்கு இத்தனை கிலோ என்று தெருவுக்குள் வரும் வண்டியில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் புது வெங்காயமாகவோ, மூட்டையின் அடியில் கிடந்து ஈரம் கண்டதாகவோ இருக்கும். மூன்று நான்கு நாளில் தீரப்போகிற வீட்டுக்கு அதில் குறையொன்றுமில்லை. இருப்பு வைக்க நினைக்கிறவருக்கு அது நட்டம். ஒருவேளை உங்கள் குழம்பு தண்ணீர் விட்டதுபோல் ஆன நாட்கள் ஐப்பசி, கார்த்திகையாக இருந்தால், கைப்பக்குவத்தைக் குறை சொல்வதற்குமுன் வெங்காயத்தின் வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்ததும் முதலில் குடுமிப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல வெங்காயத்தில் அந்தக் கழுத்து மெலிந்து, காய்ந்து, மூடியிருக்கும். அழுத்தினால் உள்ளே அமுங்கக் கூடாது. கழுத்து தடித்தோ ஈரமாகவோ இருந்தால் அழுகல் அங்கிருந்துதான் உள்ளே இறங்கும், வெளித்தோல் எவ்வளவு மினுக்கினாலும் சரி. மேல் சருகை ஒட்டிக் கரித்தூள் பூசியது போன்ற கருமை தெரிந்தால் அது ஒரு வகைப் பூஞ்சை. வெளி அடுக்கோடு நின்றிருந்தால் அந்த அடுக்கையும் அடுத்ததையும் உரித்து எறிந்து, கழுவிப் பயன்படுத்தலாம். உள் அடுக்குவரை பரவியிருந்தாலோ, கொழகொழத்துப் புளித்த வாடை வந்தாலோ முழுதையும் எறிவதே முறை. பூஞ்சையால் ஒவ்வாமையும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் இலேசான கருமை இருந்தாலும் தவிர்ப்பது நல்லது. மிகப் பெரிய வெங்காயமாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சமையலுக்கு நடுத்தர அளவே மேல், ஏனென்றால் ஒரு வேளைக்கு அரிந்தது போக மிச்சப் பாதியை மூடி வைக்க வேண்டிய நிலை வராது.

இப்போது வதக்குவது. உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பதால் இதில் சற்று நிதானமாக நிற்கிறேன். வெங்காயத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறம் மாறி மணம் எழும் வேலையோ 120 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கிறது. ஆகவே வதக்குவதென்பது முதலில் தண்ணீரைப் போக்குவது, அதன்பின்தான் சிவக்க வைப்பது. வாணலியில் வெங்காயத்தைப் போட்டதும் சளசளவென்று பெரிதாகச் சத்தம் வரும், வெள்ளையாக ஆவி எழும். அது முழுக்கத் தண்ணீரின் சத்தம். சில நிமிடத்தில் துண்டுகளின் ஓரம் கண்ணாடிபோலத் தெளிந்து, அடுக்குகள் ஒன்றைவிட்டொன்று கழன்று, ஆவி மெலியும். பொரியலுக்கும் உப்புமாவுக்கும் இந்தக் கண்ணாடிப் பதம் போதும். தொடர்ந்து கிளறினால் சத்தம் தணிந்து, சன்னமாகப் பொரியும் ஒலியாக மாறும். அதுவரை வெங்காயத்துக்குள் காணாமல் போயிருந்த எண்ணெய் ஓரங்களில் மறுபடி தலைகாட்டும். பச்சை நெடி போய்த் தித்திப்பான வாசனை எழும். குழம்புக்கு நிறுத்த வேண்டிய இடம் அதுதான். கண்ணைவிடக் காது இதில் நம்பகமானது. நிமிடக் கணக்கு கேட்டிருக்கிறீர்கள்: இரண்டு நடுத்தரப் பல்லாரி, அகலமான வாணலி, மிதமான தீ என்று வைத்துக்கொண்டால் கண்ணாடிப் பதத்துக்கு 5 நிமிடம், பொன்னிறத்துக்கு 12 முதல் 15 நிமிடம், ஆழ்ந்த செம்பழுப்புக்கு 20 நிமிடத்துக்கு மேல் என்பது என் அடுப்பின் கணக்கு. உங்கள் பாத்திரமும் தீயும் வேறாக இருக்கும். ஆயினும் 5 நிமிடத்தில் பொன்னிறம் என்று எழுதும் சமையல் குறிப்பு எதையும் நம்ப வேண்டாம்.

உங்கள் வெங்காயம் குழம்பில் நறுக்கென்று நின்றதற்கான காரணம் ஏறக்குறைய நிச்சயமாகப் புளிதான். காய்களின் செல்சுவரை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் முதலியவை புளிப்பில் கரைய மறுக்கும். கண்ணாடிப் பதத்துக்கே வராத வெங்காயத்தின் மேல் புளிக்கரைசலை ஊற்றிவிட்டால், அதன்பின் அரை மணி நேரம் கொதித்தாலும் அது முழுமையாகக் குழையாது. தக்காளியைச் சீக்கிரம் போடுவதும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று வெங்காயத்தையும் தக்காளியையும் ஒன்றாகக் கொட்டி வதக்கும் பழக்கம் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது; குழம்பில் வெங்காயம் தனியே தெரிவதாகக் குறைப்படுகிறவர்களில் பலர் செய்வது அதுதான். ஆழ்குழாய்த் தண்ணீரும் இதில் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். கடினநீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதே பெக்டினை இறுக்கிவிடும் என்பதால், நம் பக்கத்தில் உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாததைப் போலவே வெங்காயமும் தாமதிக்கும். சமையலுக்கு மெட்ரோ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தித்திப்பதற்குக் காரணம் நேர் எதிரானது. நெடுநேரம் இளந்தீயில் வதக்கும்போது தண்ணீர் போய்ச் சர்க்கரை செறிகிறது, காரமான கந்தகப் பொருட்கள் ஆவியாகவும் மணமாகவும் மாறிவிடுகின்றன. ஆகவே தித்தித்த நாளில் நீங்கள் வெங்காயத்தை நன்றாகவே வதக்கியிருக்கிறீர்கள். புளியையும் உப்பையும்தான் அதற்கேற்பக் கூட்டவில்லை. அளவை மாற்றாமல் சமைப்பது இங்கே துணை செய்யாது. வெங்காயம் எவ்வளவு சிவந்திருக்கிறதோ அவ்வளவு புளி கேட்கும் என்று வைத்துக்கொண்டு, கொதி வந்ததும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கசப்பு மூன்று வழியில் வரலாம், மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். முதலாவது, துண்டுகள் ஒரே அளவாக இல்லாமல் மெல்லியவை கருகுவது. தடித்தது பொன்னிறமாவதற்குள் நூல் போன்றது கரியாகி, அந்தச் சிறு கரி குழம்பு முழுக்கப் பரவும். இரண்டாவது, பச்சை வெங்காயத்தை மிக்ஸியில் விழுதாக்கி வைத்துவிட்டுத் தாமதமாக வதக்குவது. செல்கள் அனைத்தும் ஒரேயடியாக உடைந்த விழுது நேரமாக ஆகக் கசப்பேறும். அரைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் வதக்கிய பின்போ, வெந்நீரில் ஒரு கொதி விட்ட பின்போ அரையுங்கள். மூன்றாவது வழியில் வெங்காயத்தின்மேல் பழியே இல்லை: தாளிப்பில் போட்ட வெந்தயம். காய்ந்த எண்ணெயில் வெந்தயம் செம்மை தாண்டிக் கருத்தால், அந்தக் கசப்பு வெங்காயத்துக்குள் ஊறிவிடும்; சாப்பிடுகிறவர் வெங்காயம் கசக்கிறது என்பார். புளிக்குழம்பில் கசப்பு என்று யார் சொன்னாலும் நான் முதலில் விசாரிப்பது வெந்தயத்தைத்தான்.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்திலேயே சிட்டிகை உப்புப் போட்டால் வெங்காயத்திலிருந்து நீர் வெளியே வந்து சீக்கிரம் மெத்தென்றாகும். ஆனால் மொறுமொறுப்பாகச் சிவக்க வேண்டுமென்றால் அந்த நீரே தடை. குழம்புக்கு உப்பு முன்னால், பொரித்த வெங்காயத்துக்கு உப்பு கடைசியில். இதே தன்மையைப் பக்கோடாவில் நமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறோம்: அரிந்த வெங்காயத்தில் உப்பைப் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் அது விடும் நீரிலேயே கடலை மாவைப் பிசைந்துவிடலாம், வெளியிலிருந்து தண்ணீர் தெளிக்க வேண்டிய தேவை ஏறக்குறைய இருக்காது. வடை மாவிலோ அதுவே எதிரி. அரைத்த உளுந்தில் வெங்காயத்தைச் சேர்த்து வைத்துவிட்டால் மாவு இளகி எண்ணெய் குடிக்கும் என்பதால், எண்ணெய் காய்ந்த பிறகே கலக்க வேண்டும். வாணலியை மூடுவதும், சிறிய வாணலியில் குவித்துப் போடுவதும் ஆவியை உள்ளேயே நிறுத்தி வெங்காயத்தை அவித்துவிடும். குழம்புக்கு அது பெரிய குற்றமில்லை, சிவப்புக்கு அது ஆகாது.

சாம்பாரில் முழு வெங்காயம் போடுகிறவர்கள் அதைப் பருப்போடு குக்கரில் வைத்தால் மூன்று விசிலில் கரைந்து காணாமல் போய்விடும். தனியாக ஒரு கரண்டி எண்ணெயில் மேலே ஆங்காங்கே புள்ளி விழும்வரை புரட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து முக்கால் பதம் வேகவிட்டு, அதன்பின் புளித்தண்ணீரில் சேர்த்தால் உருண்டையாகவும் இருக்கும், கடித்தால் பஞ்சாகவும் இருக்கும். மீன் குழம்பில் நம் பக்கத்து முறை வேறு. காசிமேட்டில் வாங்கிய சங்கராவோ வவ்வாலோ கடைசியில் சேர்ந்து சில நிமிடமே கொதிக்கப் போவதால், குழம்பின் தடிமன் மீன் விழுவதற்குமுன் முடிந்திருக்க வேண்டும். சாம்பார் வெங்காயத்தில் பாதியை அம்மியிலோ உரலிலோ நசுக்கி நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, மீதிப் பாதியை இரண்டாக அரிந்து கண்ணாடிப் பதத்தோடு நிறுத்தி, பிறகு தக்காளி, குழம்புத் தூள், புளி என்று போவது என் விருப்பம். இது வழக்கம் சார்ந்தது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வெங்காயத்தை வதக்காமலேயே புளிக்கரைசலில் கையால் பிசைந்து, கரைத்துக் கொதிக்கவைக்கும் வீடுகளிலும் அருமையான குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். அங்கே வெங்காயம் நறுக்கென்று இருப்பதுதான் அந்தக் குழம்பின் குணம்.

அந்தக் குழம்புக்கு மணம் கொடுப்பது தாளிப்பு வடகம், வெங்காயத்தின் தண்ணீர்க் கணக்கை முழுமையாகத் தீர்க்கும் பண்டம். ஒரு கிலோ சாம்பார் வெங்காயத்தைப் பூண்டோடு ஒன்றிரண்டாக இடித்து, உடைத்த உளுந்து, கடுகு, சீரகம், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிசறி ஓர் இரவு மூடி வைப்பார்கள். மறுநாள் மாடியில் துணிமேல் பரப்பிக் காயவைத்து, மாலையில் வாரி மறுபடி பிசைந்து வைப்பார்கள். இப்படிச் சில நாள் வெயில் கண்டு ஈரம் பாதி போனதும் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, கல்போல ஆகும்வரை காயவைக்க வேண்டும். வாங்கி வைத்த வெங்காயம் அழுகுகிறது என்று வருந்தும் உங்களுக்கு இதுவே முன்னோர் சொன்ன விடை: சித்திரை வெயிலில் உருட்டிய வடகம், ஈரம் படாத ஜாடியில் அடுத்த சித்திரை வரைக்கும் வரும். அக்னி நட்சத்திரம்தான் ஏற்ற காலம். வானம் மூடியிருக்கும் நாளில் தொடங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். குழம்பில் போடும்போது எண்ணெய் அதிகம் காயக் கூடாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் வெந்தயம் முதலில் கருகும்.

பொரித்த வெங்காயத்தைப் பொறுத்தவரை, ஒரு கிலோ அரிந்து செம்பழுப்பாகப் பொரித்தெடுத்தால் கையில் மிஞ்சுவது கால் கிலோவுக்குச் சற்று மேல்தான். மற்றதெல்லாம் ஆவியாகப் போன தண்ணீர். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் அதன் சூட்டில் ஒரு படி கூடுதலாகச் சிவக்கும் என்பதால், நீங்கள் விரும்பும் நிறத்துக்கு முந்தைய நிறத்திலேயே அரித்தெடுத்துத் தட்டில் பரப்பிவிட வேண்டும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு வந்து, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் சாலையில் இன்றும் விற்கும் அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவைக் கவனித்துப் பாருங்கள்: ஒரே கிண்ணத்தில் பச்சை வெங்காயமும், பொரித்த வெங்காயமும், பொரித்த எண்ணெயும் புளிக்கரைசலும் விழுகின்றன. வெங்காயத்தின் இரண்டு முனைகளையும் ஒரே வாயில் காட்டும் உணவு இந்த ஊரில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம் சிவக்கச் சமையல் சோடா சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சோடாவின் காரத்தன்மையில் (வெங்காயத்தின் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) சிவப்பு வேகம் பிடிக்கும் என்பது உண்மை. அதே சோடா வெங்காயத்தைக் கூழாக்கும், சற்றே கூடினால் சோப்பு வாடை வரும் என்பதும் உண்மை. வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

பச்சையாகச் சாப்பிடும் வெங்காயத்தைத் தயிர் பச்சடிக்கு அரிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி வடித்துவிட்டால், வெட்டுப்பட்ட செல்களிலிருந்து கசிந்த காரம் நீரோடு போய்விடும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சிவப்பு வெங்காயம் பளிச்சென்று இளஞ்சிவப்பாவது அதிலுள்ள நிறமி புளிப்புக்குக் காட்டும் மாற்றம்; கடைக்காரர் சாயம் பூசினார் என்று ஐயப்பட வேண்டாம்.

நம்பிக்கையளவில் நிற்கும் சிலவற்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அரிந்து வைத்த வெங்காயம் அறையிலுள்ள கிருமிகளையெல்லாம் உறிஞ்சி விஷமாகிவிடும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் இல்லை. அரிந்த எந்தக் காயையும் போல அதிலும் கிருமி வளரும், அவ்வளவே. மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் சமைத்துவிட்டால் தீங்கில்லை. சென்னைப் புழுக்கத்தில் அதை அடுப்பு மேடையில் இரவு முழுக்க விடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். சாம்பார் வெங்காயம் சர்க்கரை நோயையும் கொழுப்பையும் தீர்க்கும் என்பது போன்ற பேச்சுகள் ஆதாரத்தைத் தாண்டி வெகுதூரம் போனவை. மருந்தின் இடத்தில் அதை வைக்க வேண்டாம், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வெங்காயத்தில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குவர்செட்டின் என்னும் பொருள் வெளி அடுக்குகளில் அதிகம் என்பதால், சருகோடு நல்ல அடுக்கையும் சேர்த்து உரித்து எறிவது வீண், முன்பு சொன்ன ஃபிரக்டான் சிலருக்கு வயிறு உப்பச் செய்யும், அது வதக்கினாலும் முழுக்கப் போகாது.

அழுகுவதற்குக் காரணம் ஈரமும் காற்றோட்டமின்மையும். கடலோரக் காற்று இங்கே எப்போதும் ஈரமாகவே இருக்கும், ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்ததை அப்படியே முடிச்சோடு மூலையில் வைத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியதே அதிகம். வீட்டுக்கு வந்ததும் கொட்டி, நசுங்கியதையும் ஈரமானதையும் பிரித்து அன்றே சமையலுக்கு எடுத்துக்கொண்டு, மற்றதைக் கம்பிக் கூடையிலோ வலைப்பையிலோ தரையில் படாமல் தொங்கவிடுங்கள். கழுவி வைக்காதீர்கள்; முழு வெங்காயத்தைக் குளிர்பதனப் பெட்டியில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், அங்கே ஈரம் கோத்து மெத்தென்றாகி முளைவிடும். உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போடுவதும் இரண்டுக்கும் நல்லதல்ல. முளைவிட்ட வெங்காயத்தை எறிய வேண்டியதில்லை. உள்ளே கெட்டியாக இருந்தால் முளையையும் சேர்த்தே பொரியலில் போடலாம், தித்திப்பு மட்டும் குறைந்திருக்கும். இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கு, பங்குனி முதல் ஆடி வரை மூன்று கிலோ பல்லாரி வாங்கி வைத்தாலும் தாங்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாரத்துக்கு ஒரு கிலோ பல்லாரியும் கால் கிலோ சாம்பார் வெங்காயமுமாக வாங்கிக்கொள்ளுங்கள், வண்டிக்காரர் எவ்வளவு மலிவாகக் கூவினாலும்.